நிலம் ஒருவர் பேரில், நஷ்டம் இன்னொருவர் தலையில்

வானம் பொய்த்தாலும் சரி, வானம் பிளந்து கொட்டினாலும் சரி, பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு நிவாரணம் வழங்கப்படும் என்று அரசு அறிவிப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. அறிவிப்பு வருகிறது, கணக்கெடுப்பு நடக்கிறது, சில மாதங்கள் கழித்துப் பணமும் வருகிறது. இதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்தப் பணம் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் போதிய அளவு கேட்பதில்லை. அப்படித் தட்டப்படும் கதவுகளில் சில ஜீவனஹள்ளியிலேயே இருக்கின்றன. ஆகவே இதைப் பற்றி நம் வாசகர்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

ஜீவனஹள்ளிச் சந்து ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு கட்டிட மேஸ்திரியை எண்ணிப் பாருங்கள். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர். ஊரில் ஒன்றரை ஏக்கர் நன்செய். பட்டா அவர் பேரில். பெங்களூருக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. நிலத்தைச் சித்தப்பா மகன் வாரத்துக்கு உழுகிறார். விதை வாங்கியது, உரக்கடையில் கடன் சொன்னது, மனைவியின் தோட்டை அடகு வைத்தது எல்லாம் அந்தத் தம்பிதான். எழுத்து ஒன்றும் கிடையாது. உறவுக்குள் எழுத்து எதற்கு என்று இருவருமே விட்டுவிட்டார்கள். வெள்ளம் வந்தது, நெல் நீரில் கிடந்து அழுகியது. பிறகு ஒரு நாள், சாரத்தின் மேல் நின்று வேலை பார்த்துக் கொண்டிருந்த மேஸ்திரியின் கைப்பேசியில், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதாகச் செய்தி வருகிறது. விதைத்தவர் ஊரில் வெறுங்கையோடு நிற்கிறார். விதைக்காதவருக்குப் பயிர் நிவாரணம் வந்து சேர்கிறது.

இந்த மேஸ்திரி நாம் உதாரணத்துக்குச் சொன்னவர். ஆனால் இதைப் படிக்கும்போது தம் ஊர் நினைவு வராத வாசகர் நம்மில் குறைவு என்றே நினைக்கிறோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர் என்று பல ஜில்லாக்களிலிருந்து பிழைப்பைத் தேடி வந்த நம்மவர்களில், ஊரில் ஒரு காணி அரைக்காணியாவது வைத்திருப்பவர்கள் அநேகர்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கடலோரத்தோடு அது நிற்கவில்லை. உள்நாட்டுக்குள் நகர்ந்து, டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் ஊத்தங்கரையில் மட்டும் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே ஓடி, ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தென்பெண்ணையாறு, விழுப்புரம், கடலூர் வயல்களை மூழ்கடித்தது. இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பயிர் நிலம் நீரில் மூழ்கியதாகத் தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதினார். டிசம்பர் 3-ஆம் தேதி மாநில அரசு நிவாரணத்தை அறிவித்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல் உள்ளிட்ட பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய். பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய்.

இந்தத் தொகைகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்து கொள்வது நல்லது. இயற்கைச் சீற்ற நிவாரணத்துக்காக மத்திய அரசு 2022-இல் திருத்தி வெளியிட்ட விதிகளில் உள்ள விகிதங்கள் இவை. ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேருக்கே, அதாவது சுமார் ஐந்து ஏக்கருக்கே கொடுக்கலாம் என்பது அந்த விதி. 2015-க்கு முன்பு பாதிப் பயிர் போனால்தான் நிவாரணம் என்று இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அது 33 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. அது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஹெக்டேர்க் கணக்கை நமக்குப் பழக்கமான ஏக்கர்க் கணக்காக மாற்றிப் பார்த்தால், பாசன நிலத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாய். மானாவாரிக்கு 3,440 ரூபாய். நாம் சொன்ன மேஸ்திரியின் ஒன்றரை ஏக்கருக்கு ஏறக்குறைய 10,300 ரூபாய். உழவு, நாற்று, நடவு, களையெடுப்பு, உரம், மருந்து என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டால், செலவான பணத்தில் ஒரு பகுதிக்குத்தான் இது காணும். போன பயிரின் விலையை இது ஈடு செய்யாது. அதற்காக ஏற்பட்டதும் அல்ல. அரசு விதியில் இதற்குப் பெயரே ‘இடுபொருள் மானியம்’. அடுத்த விதைப்புக்கு விதையும் உரமும் வாங்கிக் கொண்டு உழவன் மறுபடி எழுந்து நிற்கட்டும் என்பதற்காகக் கொடுக்கப்படும் கைத்தாங்கல் அது.

அப்படியானால் ஒரு கேள்வி தானாகவே எழுகிறது. விதை வாங்கப் போகிறவருக்குத்தானே விதைப் பணம் போய்ச் சேர வேண்டும்? பெங்களூரில் சிமெண்டுக் கலவை குழைப்பவருக்கோ, அலுவலகத்தில் கோப்பு எழுதுபவருக்கோ அதைக் கொடுத்தால், அடுத்த போகத்துக்கு வயலில் என்ன முளைக்கும்?

இதில் அதிகாரிகள் வேண்டுமென்றே தவறு செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருப்பது நிலப் பதிவேடு. அதில் நிலத்துக்கு உடையவர் யார் என்பது தெளிவாக இருக்கிறது. அந்தப் போகத்தில் ஏர் பிடித்தவர் யார் என்பது தெளிவாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டிலேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. ஆனால் பதிவு செய்துவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் நிலக்காரருக்கு. பதிவு செய்யக் கேட்டால் அடுத்த வருஷம் நிலமே கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சம் உழுபவருக்கு. இரண்டு அச்சங்களுக்கும் நடுவே வாய்ச்சொல் குத்தகையே நிலைத்துவிட்டது. அடங்கலில் உழுபவர் பெயர் ஏறினால் அவர் கேட்பதற்கு ஒரு பிடி உண்டு. ஏறாவிட்டால் அவர் அரசாங்கக் கண்ணுக்குத் தெரியாத மனிதர்.

நாம் வாழும் கர்நாடகத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. தேவராஜ் அர்ஸ் காலத்தில், 1974-இல் வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தம் குத்தகை முறையையே ஒழித்தது. அதனால் உழுத நிலத்துக்கே உடைமைக்காரர் ஆன ஏழைகள் ஏராளம். அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஐம்பது ஆண்டுகளில் குத்தகை வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது. சட்டப்படி குத்தகை இல்லை. ஆகவே சட்டப்படி குத்தகைதாரரும் இல்லை. நிவாரணம் கேட்க அவர் எந்த ஜன்னலில் போய் நிற்பார்?

2023-இல் கர்நாடகம் கண்ட வறட்சி இதற்குச் சரியான சான்று. மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி தாக்கியவையாக அறிவிக்கப்பட்டன. 48 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பயிர் சேதமானதாக மாநில அரசு கணக்கிட்டது. மத்திய அரசிடம் கேட்ட தொகை 18,171 கோடி ரூபாய். பணம் வரத் தாமதமாகவே, விவசாயி ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை மாநில அரசு தன் கையிலிருந்து முதலில் கொடுத்தது. 2024 மார்ச்சில் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஏப்ரல் மாதக் கடைசியில்தான் சுமார் 3,454 கோடி ரூபாய் வந்தது. ஆனி ஆவணியில் காய்ந்த பயிருக்குச் சித்திரையில் நிவாரணம்! பணமும் நிலப் பதிவேட்டோடு இணைந்த ‘ஃப்ரூட்ஸ்’ என்ற விவசாயிப் பதிவைக் கொண்டே வழங்கப்பட்டது. இடையில் கை நீட்டுபவர் இல்லாமல் நேரே வங்கிக்குப் பணம் போவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவில் நிலம் இல்லாதவருக்கு அங்கே இடம் இல்லை.

அந்த 18,171 கோடியின் உட்பிரிவைப் பலர் கவனிக்கவில்லை. இடுபொருள் மானியமாகக் கேட்டது 4,663 கோடி. குடிநீருக்கும் கால்நடைக்கும் கேட்டவை சிறு தொகைகள். பெரும் பகுதியான 12,577 கோடியோ, வறட்சியால் பிழைப்பையே இழந்த குடும்பங்களின் உதவிக்காகக் கேட்கப்பட்டது. இப்படி ஓர் இனம் மத்திய விதியிலேயே இருக்கிறது. பிழைப்பு பறிபோன குடும்பத்தில் இரண்டு பெரியவர்களுக்கு, ஊரக வேலைத் திட்டக் கூலி விகிதத்தில் நாள் கணக்கில் உதவலாம் என்பது அது. ஆனால் வந்து சேர்ந்த மொத்தத் தொகையோ இடுபொருள் மானியத்துக்காகக் கேட்டதைக் காட்டிலும் குறைவு. பந்தியில் முதல் வரிசைக்கே சோறு போதாதபோது கடைசி வரிசைக்கு என்ன மிஞ்சும்?

அந்தக் கடைசி வரிசையில் இருப்பவர்தான் நிலமற்ற விவசாயத் தொழிலாளி. பட்டாதாரருக்கு நிலமாவது இருக்கிறது. வாரத்துக்கு உழுபவருக்கு அடுத்த போகம் என்ற நம்பிக்கையாவது இருக்கிறது. கூலிக்குப் போகிறவருக்கு நடவு இல்லையென்றால் அன்றைக்கே அடுப்பு இல்லை. நஷ்டக் கணக்கெடுப்பில் வரப்புகள் அளக்கப்படுகின்றன; அந்த வரப்பின் மேல் நடந்து வேலைக்குப் போனவர்கள் எண்ணப்படுவதில்லை. அப்படி எண்ணப்படாமல் விடுபட்டவர்தான், பிள்ளைகளையும் பாத்திர மூட்டையையும் தூக்கிக் கொண்டு ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறிக் கிழக்கு ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார். ஜீவனஹள்ளியில் நமக்கு அடுத்த வாசலில் குடிவருகிறவர் அவர்தான். நம் அப்பாவோ தாத்தாவோ வந்த கதையும் அநேகமாக அதுதான்.

இது புதிய செய்தியும் அல்ல. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் கதை சொல்லும் 1876-78 பெரும் பஞ்சம் சென்னை ராஜதானியையும் மைசூர் சமஸ்தானத்தையும் ஒருங்கே சூறையாடியது. அதன் பிறகு அமைந்த 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன், மழை பொய்த்தால் முதலில் அடிபடுபவன் தினக்கூலிக்காரனே என்று கண்டு கொண்டது. அதையொட்டி வந்த பஞ்ச விதிகளில், உடலில் வலு உள்ளவருக்கு நிவாரண வேலை, வலு இல்லாதவருக்கு இலவச உதவி, உழவருக்குத் தக்காவிக் கடன் என்று வகுக்கப்பட்டது. அந்நிய அரசு அதை அரைமனதோடும் கஞ்சத்தனத்தோடும் நடத்தியது என்பது உண்மை. என்றாலும் கூலிக்காரன் அந்தத் திட்டத்தில் முதல் வரியில் இருந்தான். நம்முடைய சுதந்திர நாட்டின் நிவாரணத்தில் அவன் கடைசி வரிக்குப் போய்விட்டது நியாயமா? 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதித் திட்டத்தில், வறட்சி தாக்கிய இடங்களில் 100 நாளுக்கு மேல் இன்னும் 50 நாள் வேலை தரும் ஏற்பாடு இருந்தது. அதுபோன்ற ஏற்பாடு எந்தப் பெயரில் வந்தாலும், அறிவித்த மறுவாரமே வேலை தொடங்கினால்தான் பயன்.

ஆகவே நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. சேதக் கணக்கெடுப்பின்போது நிலம் யாருடையது என்பதோடு, இந்தப் போகத்தில் பயிர் வைத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பதிவு அந்தப் போகத்து நிவாரணத்துக்கு மட்டுமே. அதைக் காட்டி நிலத்தில் எவரும் உரிமை கொண்டாட முடியாது என்று சட்டத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பட்டியலைக் கிராம சபையில் வாசியுங்கள்; பஞ்சாயத்து ஆபீசு வாசலில் ஒட்டுங்கள். எந்த வயலை யார் உழுதார் என்பது ஊருக்குத் தெரியாத ரகசியம் அல்ல. வேலை இழந்த கூலிக் குடும்பங்களுக்கும் ஒரு பட்டியல் எடுங்கள்.

இது நடக்கக் கூடியதே. அண்டை மாநிலமான ஆந்திரம் 2011-இலும் 2019-இலும் சாகுபடியாளருக்கென்றே சட்டங்கள் இயற்றியது. நிலக்காரரின் உரிமைக்குப் பங்கம் இல்லாமல், 11 மாத ஒப்பந்தத்தின் பேரில் உழுபவருக்கு அட்டை கொடுத்து, கடனும் இன்ஷூரன்சும் நிவாரணமும் அவருக்கே கிடைக்க வழி செய்வது 2019 சட்டம். ஒடிசாவில் 2018 கடைசியில் அறிவிக்கப்பட்ட ‘காலியா’ திட்டம் வாரதாரரையும் நிலமற்றவரையும் சேர்த்துக் கொண்டது. ஆந்திரச் சட்டத்திலும் ஒரு குறை உண்டு. ஒப்பந்தத்தில் நிலக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பலர் போட மறுக்கிறார்கள். ஊரில் இல்லாத நிலக்காரரின் கையெழுத்து கிடைப்பதோ அதைவிடக் கடினம்.

இங்கேதான் பேச்சு நம் வாசலுக்கு வருகிறது. ஊரில் இல்லாத நிலக்காரர் என்றால் மாடி வீட்டு மிராசுதாரரை மட்டுமே நினைத்துக் கொள்கிறோம். ஒன்றரை ஏக்கரை வாரத்துக்கு விட்டுவிட்டு ஜீவனஹள்ளியில் குடியிருக்கும் நாமும் அந்த வரிசையில்தான் இருக்கிறோம். அரசாங்கத்தைக் கேட்கும் அதே கேள்வியை நாம் நம்மையும் கேட்டுக் கொள்ள வேண்டாமா?

‘நிலம் என்னுடையது, கிஸ்தி என் பேரில், நிவாரணமும் எனக்கே’ என்று சிலர் வாதிக்கலாம். நிலத்துக்கு வரும் நஷ்டம் வேறு, பயிருக்கு வரும் நஷ்டம் வேறு. வெள்ளத்தில் மணல் மேடிட்ட வயலைத் திருத்தவும், ஆறு திசை மாறி நிலமே அடித்துச் செல்லப்பட்டால் அதற்கும், சிறு குறு விவசாயிகளுக்கு மத்திய விதியில் தனித்தனி இனங்கள் உண்டு. அவை நிலக்காரருக்குப் போகட்டும். பயிருக்கு வந்த பணம் பயிர் வைத்தவருக்குப் போகட்டும். விதைச் செலவில் பாதி நாம் கொடுத்திருந்தால் பாதியை நாம் எடுத்துக் கொள்வதிலும் தவறில்லை. ஒரு பைசாவும் போடாமல் முழுத்தொகையையும் வைத்துக் கொள்வதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது.

நம் வாசகர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். பட்டா இறந்துபோன தகப்பனார் பேரிலோ பாட்டனார் பேரிலோ கிடந்தால், நிவாரணம் உழுதவருக்கும் வராது, உங்களுக்கும் வராது. ஊருக்குப் போகும்போது திருவிழாவோடு திரும்பிவிடாமல், வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை மாற்றிக் கொள்ளுங்கள். கூட்டுப் பட்டாவானால் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அக்கா தங்கைகளின் பங்கை மறந்துவிடாதீர்கள். நிலத்தை வாரத்துக்கு விட்டிருந்தால், இந்தப் போகம் இன்னார் பயிர் செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்து வையுங்கள். வெள்ளமோ வறட்சியோ வந்தால் கிராம நிர்வாக அதிகாரியை நீங்களே கூப்பிட்டு, ‘பயிர் வைத்தவர் இவர், கணக்கில் இவரைச் சேருங்கள்’ என்று சொல்லுங்கள். உழுகிறவர் நாலு நடை நடந்தும் ஆகாத காரியம், பட்டாதாரரின் ஒரு சொல்லால் ஆகிவிடக் கூடும்.

சாரத்தின் மேல் நிற்கும் அந்த மேஸ்திரிக்கு வருவோம். அந்தப் பத்தாயிரம் ரூபாயில் அவருக்கு எத்தனையோ தேவைகள் உண்டு. வீட்டு வாடகை இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. அவரும் ஏழைதான், அதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஊரில் தோட்டை அடகு வைத்துவிட்டு வெறும் காதோடு நிற்கும் ஒரு பெண்ணும் இருக்கிறாள். அந்தப் பணம் அவள் வீட்டுக்குப் போனால் தோடு திரும்பும், விதை வரும், நிலம் மறுபடி பச்சை கட்டும். போகாவிட்டால் அடுத்த தை மாதம் அந்தத் தம்பியும் மூட்டை முடிச்சோடு ரயிலேறுவார். வாரத்துக்கு எடுக்க ஆளில்லாமல் மேஸ்திரியின் நிலத்தில் கருவேலம் முளைக்கும்.

அரசாங்கம் விதியைத் திருத்த நாளாகலாம். திருத்தும்படி நாம் இடைவிடாமல் கேட்டுக் கொண்டே இருப்போம். நம் கைக்கு வந்துவிட்ட பணத்தை உரியவருக்கு அனுப்புவதற்கு எந்த விதியும் திருந்தக் காத்திருக்க வேண்டியதில்லை.